வெள்ளை வேட்டி மூடி வந்த திமிங்கிலம்

எங்கடை கல்லூரி மியூசியத்துக்கு டைனோசர் எலும்பு வருகுதெண்டு பெடியள் ஊரெல்லாம் கதை பரப்பிவிட்டாங்கள். வந்ததோ திமிங்கிலம். வடமராட்சிக் கரையிலை செத்து ஒதுங்கினதை மணலுக்குள்ளை தாட்டு, சதை உக்கினபிறகு கிண்டி எடுத்த எலும்பு. விலங்கியல் படிப்பிக்கிற நான் அதுக்காக எத்தினை பேரின்ரை காலிலை விழுந்தன் எண்டு எனக்குத்தான் தெரியும். சண்டையாலை பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயிலை ஓடுற உழவு மிசின் ஒண்டு, பின்னாலை இழுக்கிற பெட்டியோடை கிடைச்சதே பெரிய புண்ணியம்.

மிசின்காரர் கந்தசட்டி விரதம். "ரீச்சர், எலும்பு வெளியிலை தெரியக் கோயில் வாசலாலை போகமாட்டன்" எண்டு ஒரே பிடி. கடைசியிலை தன்ரை வீட்டு வெள்ளை வேட்டியளைக் கொண்டுவந்து எல்லாத்தையும் மூடினார். நானும் பெட்டியிலை ஏறி இருந்தன்.

பிறகென்ன! வழியிலை கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்தினம். சைக்கிளிலை வந்தவை இறங்கி, தோளிலை கிடந்த சால்வையைக் கையிலை எடுத்துக்கொண்டு நிக்கினம். சிரிப்பை அடக்கமாட்டாமல் சேலைத் தலைப்பாலை வாயைப் பொத்தினன். ரீச்சர் அழுகிறா எண்டு நினைச்சு இன்னும் நாலு பேர் இறங்கினவை.

கல்லூரி வாசலடியிலை என்ரை சிரிப்பு நிண்டுபோச்சு. முன்வீட்டு அக்கா தலைவிரி கோலமா ஓடிவாறா. அவவின்ரை ஒரே மகன் கிளாலிக் கடலாலை கொழும்புக்கு வெளிக்கிட்டவன். வள்ளத்துக்கு நேவி சுட்டதெண்டினம். அவன் போய்ச் சேரவுமில்லை, உடம்பு கரைக்கு வரவுமில்லை. அதுக்குப் பிறகு வெள்ளை மூடின வாகனம் எது வந்தாலும் அவ ஓடிவருவா.

"எங்கையிருந்து கொண்டு வாறியள் ரீச்சர்? ஆர் அது?"

"ஐயோ அக்கா, இது மீன் அக்கா, மீன்!" திமிங்கிலம் மீனில்லை எண்டு வருசம் வருசமாப் படிப்பிக்கிற வாய்தான் அப்பிடிக் கத்தினது.

அவ நம்பேல்லை. வேட்டியை இழுத்தா. விலா எலும்புகளைக் கண்டதும் பெட்டி விளிம்பை இறுக்கிப் பிடிச்சா. மிசின்காரர் குதிச்சு இறங்கி வந்தார். அந்த விரதக்கார மனிசன் ஒவ்வொரு எலும்பாத் தொட்டுத் தூக்கிக் காட்டினார். "வடிவாப் பாருங்கோ அக்கா. இவ்வளவு பெரிசு மனிசருக்கு இருக்குமே? உங்கடை பிள்ளை இல்லை."

அவ ஒவ்வொண்டாப் பாத்தா. பிறகு முகத்தைத் துடைச்சுப்போட்டு என்னட்டைக் கேட்டா:

"உதின்ரை எலும்பெல்லாம் கிடைச்சுதோ ரீச்சர்?"

"ஓம் அக்கா. வால் நுனியிலை கொஞ்சம்தான் இல்லை."

"குடுத்து வைச்ச சீவன்" எண்டா.