கட்டாரில் இருந்து வந்த உப்பு

உசனார் புத்தளம் உப்பளத்தில் உப்பு வாரியே தலை நரைத்தவர். சோற்றில் கை வைக்கும்முன் உப்பைத் தேடும் மனிதர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் செய்யத் தொடங்கியபோது டொக்டர் முதலில் நிறுத்தியது உப்பைத்தான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? "மண்ணத் திண்ட மாதிரி இரிக்கி," என்று பாதிச் சோற்றோடு கோப்பையைத் தள்ளிவைப்பார். ஆள் மெலிந்துகொண்டே போனார்.

மனைவி றஹ்மா, கட்டாரில் வேலைசெய்யும் மகள் ஹிதாயாவிடம் போனில் சொல்லி அழுதாள். மகள் கடை கடையாகத் தேடி, இருதய நோயாளருக்கு நல்லதென்று விற்கும் உப்பு ஒன்றை ஊருக்கு வந்த ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினாள்.

"சோடியம் கொறஞ்ச உப்பு உம்மா. வாப்பாக்கு ஒண்டும் செய்யாது."

பிள்ளை மனம் அது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட்டிருப்பார்கள் என்றும், பழுதான சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது என்றும் அவளுக்கு யார் சொன்னார்கள்?

உசனார் நாக்கில் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் கசக்குது," என்றார். என்றாலும் சோற்றுக்கு ஊற்றிய மீன் ஆணத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டார். கோப்பை வெறுமையானது. றஹ்மாவுக்கு அந்தக் கிழமை முழுக்கப் பெருநாள்தான்.

பிறகு ஒரு காலை அவரால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த தாதி, பிடித்த கையை விடாமலே டொக்டரைக் கூப்பிட்டாள். இதயம் ஒரு தடவை அடித்துவிட்டு, அடுத்ததை அடிக்கலாமா என்று யோசித்து நின்றது. ஊசி போட்டார்கள். அவசரமாக டயலிசிஸ் மெஷினில் சேர்த்தார்கள். என்ன சாப்பிட்டார் என்று டொக்டர் கேட்க, றஹ்மா உப்பைப் பற்றிச் சொன்னாள்.

டொக்டர் கோபிக்கவில்லை. "அந்த உப்பால பொட்டாசியம் கூடிட்டுது. அதுதான் இதயம் மெதுவாகிட்டுது. மெஷின் அத இறக்கும் வரைக்கும் இதயம் தாங்கணும். பார்ப்பம்," என்றார். அவர் ஏசியிருந்தாலாவது அவள் அழுதிருப்பாள்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து துஆ ஓதினாள். வேறு என்னதான் செய்வாள்? தன் கையாலேயே கோப்பைக்குப் பக்கத்தில் எடுத்துவைத்த உப்பு என்ற நினைப்பு துஆவுக்கு நடுவே வந்து வந்து போனது.

போன் அடித்தது. ஹிதாயா.

"உம்மா, வாப்பா சாப்புடுறாரா? உப்பு புடிச்சிரிக்கா?"

கதவுக்குப் பின்னால் மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஓம் மகள். நல்லாத் திண்டார்."

"அப்ப இன்னம் ரெண்டு பக்கட் அனுப்பவா?"

றஹ்மா முக்காட்டுத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்து எடுத்தாள்.

"வேணாம் மகள்," என்றாள். "புத்தளத்துல உப்புக்கா பஞ்சம்."