பின் சக்கரத்தில் கரைந்த பெட்ரோல்

போன செவ்வாய்க்கிழமை காலை, அடையாறு பாலத்தின் நடுவே என் கார் புகைந்தது. பின் சீட்டில் என் மனைவி ரீட்டா. முழங்கால் ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டாம் நாள்... காலை நீட்டி, வலப் பக்கக் கதவில் சாய்ந்திருந்தாள். தையல் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

இரண்டு மாதமாகவே வண்டி சரியில்லை. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடியது, பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. பிக்கப்பும் இல்லை. "மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்று ரீட்டா சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டேனா? பெட்ரோலில் கலக்கும் மருந்து, பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் என்று வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். மெக்கானிக்கிடம் மட்டும் போகவில்லை.

சாந்தோமில் கிளம்பி பட்டினப்பாக்கம் தாண்டும்போதே அவள் சொன்னாள்: "ஏங்க, கருகுற வாடை வருது."

"முன்னாடி போற லாரியா இருக்கும்."

பாலம் ஏறியதும் வண்டி திணறியது. ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினேன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் கையை ஆட்டினார்.

"சார், ஓரங்கட்டு. பின் வீலு பொகையுது."

ரீட்டா சாய்ந்திருந்த பக்கம்தான். வெள்ளைப் புகை. பெட்ரோல் டேங்கும் பின்னால்தானே இருக்கிறது என்று நினைத்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவளால் தானாக இறங்க முடியாது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

ஆட்டோவை எங்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவர் ஓடிவந்தார். "யம்மா, என் தோள புடிச்சிக்கோ. கால மடக்காத." இருவருமாக அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தோம். ரீட்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நான் தண்ணீர் பாட்டிலோடு சக்கரத்துக்கு ஓடினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"ஊத்தாத சார். இந்தச் சூட்டுல தண்ணி பட்டா பிரேக் டிரம்மு விரிசல் உட்டுடும். தானா ஆறட்டும்." பிறகு கேட்டார்: "ஹேண்ட் பிரேக் போட்டுக்கினே வந்தியா?"

"இல்லையே, எடுத்துட்டுதான் வந்தேன்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "லிவரு எறங்கித்தான் கீது. உள்ள கேபிள் துருப்புடிச்சு மாட்டிக்கினு கீது போல. பிரேக்கு வீல வுடாம புடிச்சிக்கினே இருந்திருக்கு. மைலேஜ் இன்னா குடுக்குது?"

சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்... அது போதாதா?

கால் மணி நேரத்தில் புகை அடங்கியது. மெக்கானிக்குக்கு போன் செய்து வரவழைத்து, வண்டியை அவரிடம் விட்டுவிட்டு அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேபிள்தான் என்று மெக்கானிக்கும் பிறகு உறுதி செய்தார்.

மைலேஜ் குறைந்தால் நமக்குப் பெட்ரோல் மேல்தான் முதல் சந்தேகம். டயரில் காற்று இருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பிரேக் பிடித்த பிடியை விடுகிறதா - இந்தச் சாதாரண விஷயங்களைப் பார்க்க மாட்டோம். சாதாரணமாக இருப்பதுதான் அவற்றின் குற்றம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு ஏறியிருக்கே, என்னம்மா டென்ஷன்?"

ரீட்டா என்னைப் பார்த்தபடியே சொன்னாள்: "மைலேஜ் குறைஞ்சுபோச்சு சிஸ்டர்."