நிரை தாண்டிய தெய்வம்மா

தேவாலா பக்கம் எங்கள் எஸ்டேட்டில் ஆளுக்கொரு நிரை. தேயிலைச் செடி வரிசையை அப்படித்தான் சொல்வோம். தன் நிரையை முடித்தவள் பின்தங்கியவளின் நிரையில் இறங்கிக் கொழுந்து பறித்துக் கொடுப்பாள். இலங்கையிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்த பழக்கம் அது. புதிதாக வந்த மேனேஜர் கூடாது என்றார். தெய்வம்மாக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயிற்றுப்பிள்ளையோடு மழையில் திணறிய சுகந்தியின் நிரையில் அன்றும் இறங்கிவிட்டார்.

“இன்சபார்டினேட்!” என்று மேனேஜர் கத்தினார், நனையாமல் ஜீப்புக்குள் உட்கார்ந்தபடி.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம் வந்தார். “ரேணுகா, அந்தத் தொரை என்னைய என்னா சொன்னாரு? போன்ல பாரு.”

பார்த்தேன். “மேல இருக்கறவங்களுக்கு அடங்காதவன்னு அர்த்தம்க்கா. லத்தீன்லருந்து வந்துச்சாம். அதுல ‘ஓர்டோ’ன்னா வரிசை. போட்ட வரிசைக்குக் கீழ நிக்காதவ.”

“அப்ப திட்டவே இல்ல, உள்ளதத்தான் சொல்லியிருக்காரு.” சிரித்தார். “அதுக்கு எதிர்ச்சொல்லு?”

“பணிவானவ, அடக்கமானவ, சொன்னபடி நடக்கறவ.”

சிரிப்பு நின்றது. “அது எங்கம்மா. கப்பல்ல ஏறுன்னாங்க, ஏறுனா. இந்தக் குளிர்ல எறங்குன்னாங்க, எறங்குனா. பொறந்த மண்ண விட்டு ஏன் போகணும்னு ஒரு வார்த்த கேக்கல.”

மறுநாள் அக்கா தன் நிரையை முடித்துவிட்டு, ஜீப் வரும்வரை வேண்டுமென்றே காத்திருந்தார். அது வந்து நின்றதும், மேனேஜர் கண்ணெதிரிலேயே சுகந்தியின் நிரையில் இறங்கினார்.

பின்னாலேயே நானும் இறங்கினேன்.