நிதானம் கம்ப்யூட்டரைக் கொடுத்த கதை

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபோனில் எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு அலறினாலும் அவள் குரல் துளிகூட ஏறாது. “பதறாதீங்க. எங்க இருக்கீங்க? அத மட்டும் சொல்லுங்க. சரி. இப்ப அவர் நெஞ்சைப் பாருங்க. ஏறி இறங்குதா?” கேள்விகள் ஒவ்வொன்றாக, சின்னச் சின்னதாக வரும். வண்டி போய்ச் சேரும்வரை இணைப்பைத் துண்டிக்க மாட்டாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, “சும்மா கேட்டுக்கிட்டே இருங்க, போதும்” என்று சொல்லிவிட்டுப் போவார் மேலாளர்.

அந்தப் பெயரைக் கேட்டால் அவள் கணவருக்குச் சிரிப்பு தாங்காது. “இருக்கிற நிதானத்தை எல்லாம் ஆஃபீஸ்லயே செலவழிச்சுட்டு வந்துடுறா. எனக்குன்னு மிச்சம் வைக்கிறதே இல்ல” என்பார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கைவேலையில் கெட்டிக்காரர். ஆனால் ஒரு பொருளையும் வீட்டைவிட்டு வெளியே போக விடமாட்டார். இந்தக் குணத்தோடு மல்லுக்கட்டியே நிதானத்தின் பாதி ஆயுள் போயிருந்தது. ஓடாத கடிகாரம், காது உடைந்த ஜாடி, மூடி தொலைந்த ஃபிளாஸ்க், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: “அது நல்லாத்தானே இருக்கு?”

அந்த வரிசைக்கே ராஜா, சாப்பாட்டு மேசையின் பாதியை அடைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. மகள் படிப்பை முடித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய், சொந்தமாக லேப்டாப் வாங்கி, அந்த லேப்டாப்பும் பழசாகிவிட்டது. இது மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. அதன்மேல் ஒரு துணி. துணிமேல் மாத்திரை அட்டை, சார்ஜர், வெங்காயக் கூடை. வீட்டுக்கு யாராவது வந்தால் மூன்று பேர் மேசையிலும் ஒருவர் மடியிலும் தட்டை வைத்துச் சாப்பிட வேண்டும். மடி எப்போதும் நிதானத்துடையதுதான்.

பக்கத்துத் தெரு படிப்பகத்தில், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாலையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் நேராகப் போய், “எங்க வீட்ல ஒண்ணு சும்மா கிடக்கு, எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டாள். அங்கே வகுப்பெடுக்கும் டீச்சருக்கு மகள் வயதுதான் இருக்கும். சந்தோஷப்பட்டார்.

“ஞாயித்துக்கிழமை காலைல வண்டியோட வரோம் அக்கா. ஒண்ணே ஒண்ணு. உங்களோட ஃபோட்டோ, பேங்க் விவரம், எதுவும் அதுல இருக்கக் கூடாது. வேணுங்கிறத எடுத்து வச்சுட்டு, முழுசா அழிச்சுக் குடுத்துடுங்க. ஏதாவது சந்தேகம்னா எனக்கு ஒரு ஃபோன் போடுங்க.”

“இதுல என்ன சந்தேகம்?” என்றாள் நிதானம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“எதுக்கு? அது நல்லாத்தானே ஓடுது?”

“எப்ப ஓட்டுனீங்க?”

“ஓட்டலைன்னா ஓடாதுன்னு அர்த்தமா?”

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுப்பு. துணியை உருவியதும் எழுந்த தூசியில் தும்மி ஓய்வதற்கே நேரமாயிற்று. சிபியு பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு தலையணைக்குப் பஞ்சு தேறும் அளவுக்குத் தூசி. மூலையில் பல்லி முட்டையின் ஓடுகள். மின்விசிறியின் இறக்கைகளுக்கு நடுவில் ஒரு கரப்பான் பூச்சி மல்லாந்து கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள். கணவர் வாசலில் நின்று, “மெதுவா, மெதுவா, ஒயரை இழுத்துடாத” என்று வர்ணனை செய்துகொண்டிருந்தார். “வந்து ஒரு கை பிடிங்களேன்” என்றதும் அவருக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது.

மூடியைப் பூட்டிப் பொத்தானை அழுத்தினாள். உறுமி, இருமி, ஒருவழியாகத் திரை வெளுத்தது. கடவுச்சொல் கேட்டது.

மகளுக்கு ஃபோன் போட்டாள்.

“அப்பாவோட பொறந்தநாள்தாம்மா. சீக்கிரம் சொல்லு, மீட்டிங்ல இருக்கேன்.”

கணவரின் பிறந்த தேதியை அடித்தாள். தவறு என்றது. மாதத்தை முன்னால் போட்டு அடித்தாள். தவறு. இரண்டு இலக்கம், நான்கு இலக்கம், நடுவில் புள்ளி, நடுவில் கோடு, எல்லாமே தவறு. மாலையில் கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

“உங்க பொறந்தநாளையே இது ஒத்துக்க மாட்டேங்குது!”

அவர் திரையை எட்டிப் பார்த்தார். சற்று நேரம் மூக்கைச் சொறிந்தார். “அது ஸ்கூல்ல போட்ட தேதி. நெஜத்துல நான் பொறந்தது வேற தேதி.”

“என்னது?”

“ஸ்கூல்ல சேக்கும்போது வயசு பத்தலைன்னு மாத்திப் போட்டுட்டாங்க. பாப்பாவுக்குத் தெரியுமே.”

“பாப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கல்யாணமானதுலேர்ந்து வருஷா வருஷம் காலங்காத்தால எழுந்து எந்தத் தேதிக்குங்க நான் வாழ்த்து சொல்லிட்டிருக்கேன்?”

“ஸ்கூல் தேதிக்கு.”

“ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“மொத வருஷம் நீ அவ்வளவு ஆசையா சொன்ன. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். அப்புறம் சொல்றதுக்கு வெக்கமாயிடுச்சு.”

அவளுக்கு அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. திட்டினாள். திட்டிக்கொண்டே, அவர் சொன்ன புதுத் தேதியை அடித்தாள். கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

கம்ப்யூட்டரைக் கொடுக்கப்போகிற செய்தி பரவியதும் ஆளாளுக்கு உரிமை கொண்டாட ஆரம்பித்தார்கள். மகளுடைய பழைய பாடங்கள் அதில் இருந்தன. “எதையும் அழிச்சுடாதம்மா, நான் வந்து பாத்துச் சொல்றேன்” என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டால், “பாக்கலாம்” என்றாள். கணவர் கம்ப்யூட்டரோடு ஆடிப் பாதியில் நிறுத்திய சதுரங்க ஆட்டம் ஒன்று இருந்தது. “ஜெயிக்கிற நேரத்துல நிறுத்தினது” என்றார். மாடிவீட்டுக்காரர் எப்போதோ வந்து அடித்துக்கொண்டு போன விண்ணப்பங்கள்கூட அதில் கிடந்தன.

கொழுந்தன் நேரிலேயே வந்துவிட்டான். குடும்பத்தில் அவனுக்குக் ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று பட்டம். கொடுத்தது அவனேதான்.

“அண்ணி, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அழிச்சாலும் அழியாது. கெட்டவன் கையில சிக்குனா எல்லாத்தையும் திரும்ப எடுத்துடுவான். ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி, நடுவுல ஒரு ஆணி அடிச்சிடணும்.”

“ஆணி அடிச்சா அவங்க எதை வச்சு பாடம் நடத்துவாங்க?”

“அது அவங்க பாடு அண்ணி. நமக்குப் பாதுகாப்பு முக்கியம் இல்ல?”

அவனுக்குக் காபி கொடுத்து, அவன் அண்ணனோடு சதுரங்க ஆட்டத்தைப் பார்க்க உட்காரவைத்துவிட்டு, நிதானம் தன் வேலையைப் பார்த்தாள். பாடமும் விண்ணப்பமும் போனால் போகட்டும். அவளுக்கு வேண்டியது படங்கள். மகள் பல் விழுந்து சிரித்தது, சைக்கிள் பழகி முழங்காலைப் பேர்த்துக்கொண்டது, பள்ளி மேடையில் மரமாக வேஷம் கட்டி நின்றது, அத்தனையும் மகள் ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்து ஏற்றியவை; ஆல்பம் மழையில் நனைந்து வீணான பிறகு இதில் மட்டும்தான் இருந்தன.

சனிக்கிழமை காலை புது ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து சொருகி, படங்களை நகலெடுக்கப் போட்டாள். பச்சைக் கோடு ஆமையாக ஊர்ந்தது. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தாள். பாதி தாண்டியிருக்கும். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. எழுந்து போனாள். அந்த இடைவெளியில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட வந்து, ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப்பெட்டியைச் சொருகினார்.

அவள் திரும்பி வந்தபோது திரை இருண்டு கிடந்தது.

“என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலையே” என்றார், கையில் இஸ்திரிப்பெட்டியோடு.

மறுபடி பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். உறுமியது. இருமியது. ஆனால் வழக்கமான பக்கம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்து, அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாள். அதே வரி. டீச்சருக்கு ஃபோன் போட்டாள்.

“போச்சு டீச்சர், எல்லாம் போச்சு! என் பொண்ணு ஃபோட்டோ மொத்தமும் போச்சு! இந்த மனுஷன் பிளக்கைப் பிடுங்கிட்டாரு!”

“பதறாதீங்க அக்கா. இப்ப திரையில என்ன தெரியுது? அத மட்டும் சொல்லுங்க.”

“எனக்கு என்னம்மா தெரியும்? இங்கிலீஷ்ல என்னமோ வருது. நீங்க உடனே யாரையாவது அனுப்புங்க!”

“அனுப்பலாம். அதுக்கு முன்னாடி, அந்த ஒரு வரியை மட்டும் படிங்க.”

“படிக்கிறதுக்கு எல்லாம் நேரம் இல்ல! சீக்கிரம் வாங்க!”

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. கட்டுப்பாட்டு அறையில் தினமும் கேட்கிற அதே கத்தல். ‘கேள்வி கேக்காதீங்க, வண்டிய அனுப்புங்க’ என்று கத்துகிறவர்களைப் பற்றி, ஒரு வரி பதில் சொல்ல இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சலித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது எழுத்து கண்ணெதிரே இருக்கிறது, வாய் படிக்க மாட்டேன் என்கிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னாள்.

“சரி அக்கா. அதுல வெளியிலேர்ந்து ஏதாவது சொருகியிருக்கா?”

“புது ஹார்டு டிஸ்க் இருக்கு.”

“அதை உருவிடுங்க. உருவிட்டீங்களா? இப்ப அணைச்சுட்டு மறுபடி போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

வழக்கமான பக்கம் வந்தது. படங்கள் இருந்தன. பல் விழுந்த வாய் அவளைப் பார்த்துச் சிரித்தது.

“அது தன்னோட டிஸ்க்கை விட்டுட்டு நீங்க சொருகினதுல தேடிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான். திரும்ப முதல்லேர்ந்து காப்பி பண்ணுங்க. இந்தத் தடவை இஸ்திரிப்பெட்டியை ஒளிச்சு வச்சுடுங்க.”

நிதானத்துக்குச் சிரிப்பு வந்தது. “கத்திட்டேன் டீச்சர். மனசுல வச்சுக்காதீங்க” என்றாள்.

பிற்பகலில் படங்கள் முழுதாக வந்து சேர்ந்தன. இரண்டு தடவை திறந்து பார்த்துச் சரி என்று தெரிந்த பிறகு, டீச்சர் சொன்னபடி எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, முழுவதையும் துடைத்து அழிக்கும் கட்டளைக்கு வந்தாள். ‘இதைத் திரும்பப் பெற முடியாது, சம்மதமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது.

“ஒரு நிமிஷம்” என்றார் கணவர். “அந்த ஆட்டத்தை மட்டும் முடிச்சுடுறேனே.”

முடித்தார். தோற்றார். “இப்ப அழி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டீச்சர் வருவதற்குச் சற்று முன்னால், எல்லாவற்றையும் துடைத்து வாசலுக்குக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தபோது மானிட்டரின் மின்கம்பியைக் காணவில்லை. முந்தின சாயங்காலம் வரை இருந்தது. கணவரின் கம்பி மூட்டையைக் கவிழ்த்துத் தேடினாள். உலகத்தில் உள்ள அத்தனை சாதனங்களுக்கும் அதில் கம்பி இருந்தது, இதற்கு மட்டும் இல்லை. கணவர் மறுபடியும் மூக்கைச் சொறிந்தார்.

“தம்பி ராத்திரி ஒண்ணு கேட்டான். சும்மாதானே கிடக்குன்னு…”

செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். கம்ப்யூட்டர் டாக்டர் தன் மானிட்டரில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். பந்து கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. அவள் குனிந்து, கம்பியை உருவி, கையில் சுற்றிக்கொண்டாள்.

“அண்ணி! அண்ணி! ஒரு நிமிஷம்!”

“நமக்குப் பாதுகாப்பு முக்கியம் இல்ல?” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வண்டி வந்தது. டீச்சரோடு வகுப்பில் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மானிட்டரை ஒருத்தி தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினாள். கணவர் கடைசி நேரத்தில் உள்ளே ஓடி, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி ஒன்றைக் கொண்டுவந்து, “திரையை இதால மட்டும் துடைங்கம்மா, கீறல் விழாது” என்று கொடுத்தார். வண்டி திரும்பும்வரை தெருவிலேயே நின்றார். அன்றைக்கு மதியம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, தட்டுகளை மேசைமேல் வைத்துச் சாப்பிட்டார்கள். “பெரிய மேசைதான்” என்றார் அவர், முதல் முறையாகப் பார்க்கிறவரைப் போல.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கட்டுப்பாட்டு அறை மேலாளர் தன் பழைய கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச்சை எடுத்தார். பிறகு அவள் வழக்கமாகப் போகும் பல் டாக்டர். பிறகு கண்ணாடிக்கடை முதலாளி. “உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்று ஆரம்பிப்பார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் முடியாது என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, பிரஷ்ஷையும் திருப்புளியையும் எடுத்தாள். கட்டுப்பாட்டு அறையில் யாராவது கத்தினால் இப்போதெல்லாம் அவள் மனசுக்குள் சலித்துக்கொள்வதில்லை. அந்தச் சலிப்பு முழுவதும் வீட்டுக்கு வந்துவிடுகிறது என்பது கணவரின் கட்சி. இப்படிப் போய்ச் சேர்ந்த கம்ப்யூட்டர்களால் படிப்பகத்தில் வகுப்பு இப்போது இரண்டு வேளை நடக்கிறது.

போன வாரம் அவள் வேலை முடிந்து களைத்துப்போய் வந்தபோது மாடிவீட்டுக்காரர் வாசலில் ஒரு பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்து, “நல்லாத்தாங்க ஓடுது” என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் ஓட்டமாக ஏறிவிட்டார். கத்த வேண்டும் என்று நினைத்தாள். தெம்பு இல்லை. கதவைத் திறந்து, பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினாள்.