சாட்சிக்குப் பதிந்த அடி

பின்லாந்தின் தம்பெரே நகரத்தில் மெட்டல் இசைக்குழுக்களுக்கு ஆல்பம் பதிவு செய்து கொடுப்பவன் இல்க்கா. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஸ்டுடியோ. முற்றத்தில், கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தூசி தட்டும் கம்பி. மூன்றாம் மாடி ராய்லி பஸ் ஓட்டுகிறவள். விடுமுறை கிடைத்தால் அங்கே கம்பளத்தை வெளுத்து வாங்குவாள். இல்க்கா தன் வேலைக்கு இடைஞ்சலான அந்தச் சத்தத்தையே சாட்சியாகப் பதிந்து, குடியிருப்போர் சங்கத்தில் போட்டுக் காட்டினான். சங்கம் கம்பியைப் பிடுங்கிவிட்டது.

அந்த வாரமே ஓர் ஆல்பத்தில், சுள்ளென்று வெடிக்க வேண்டிய ஸ்நேர் டிரம் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஒலித்தது. மைக்கை மாற்றினான், டிரம்மின் தோலை மாற்றினான், ஒன்றும் எடுபடவில்லை. எரிச்சலில், சாட்சிப் பதிவிலிருந்து ராய்லியின் ஓர் அடியை வெட்டி, ஒவ்வொரு ஸ்நேர் அடியோடும் சேர்த்து ஒட்டினான். ஆல்பம் நிமிர்ந்து உட்கார்ந்தது. டிரம்மரின் கைவலிமையைப் பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடின.

அடுத்த குழு வந்தது. "அதே சத்தம் வேணும். ஆனா எல்லா அடியும் ஒரே அச்சு, மெஷின் மாதிரி இருக்கு. விதவிதமா அடி போடு."

இல்க்கா ஏலக்காய் பன் வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினான்.

"ராய்லி அக்கா, கம்பளத்த கொஞ்சம் அடிச்சுக் காட்டுறீங்களா? மைக் வச்சுப் பதிஞ்சுக்கறேன்."

"இன்னொரு புகாரா? வேண்டாம்ப்பா, நான் திருந்திட்டேன். கம்பளத்தையெல்லாம் குடுத்தாச்சு. அடிக்கிற மட்டை ஏரிக்கரை சானா நீராவிக் குளியலறை அடுப்புல விறகாப் போயிடுச்சு."

ராய்லி புது வேக்குவம் கிளீனரை இழுத்து வந்து பொத்தானை அழுத்தினாள்.

"கேட்டியா? மூச்சுவிடுற சத்தம்கூட இல்ல. உனக்காகவே பாத்துப் பாத்து வாங்குனேன்."