கூசாத டேப்

கடத்தூரில் தையல்காரர் ஷகிலாவிடம் மந்திரித்த டேப் ஒன்று இருப்பதாகப் பேச்சு. தொட்டாலே துள்ளும் பிள்ளைகள்கூட அது பட்டதும் சிலையாகிவிடுகிறார்களாம். மைசூரிலிருந்து வந்தது என்றார் டீக்கடைக்காரர். இல்லை, வேப்பெண்ணெயில் ஊறவைத்தது என்றார் டீ குடித்தவர். விசாரித்தால், பேருந்து நிலையத்துக் கடையில் வாங்கிய சாதாரண டேப்தான். முதல் இரண்டு இஞ்ச் அழிந்தே போயிருக்கிறது. நடந்தது வேறு.

இருபத்திரண்டு வருடத்தில் ஷகிலா தைத்த துணி திரும்பி வந்ததில்லை. பூவிழியின் பள்ளிச் சட்டை மட்டும் இரண்டு முறை வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அவள் அக்குளைச் சுற்றி அளக்க யாராலும் முடியாது. டேப் நெருங்கும்போதே நெளிந்து, சிரித்து, தையல் மெஷினுக்கு அடியில் போய்விடுவாள். ஷகிலா கண்ணளவில் வெட்டினார். முதல் சட்டையில் கை நுழையவில்லை. இரண்டாவதில் பூவிழியோடு அவள் தங்கையும் நுழையலாம்.

"இந்தவாட்டியும் சரியா வரலைன்னா தருமபுரியில ரெடிமேட் எடுத்துக்கறோம்ங்க" என்றார் அம்மா நிர்மலா, மரியாதையாகத்தான். ஊசி குத்திப் பழகிய ஷகிலாவுக்கே சுருக்கென்றது.

"கண்ணு, ஒரு நிமிசம் அசையாம நில்லு."

"நான் நிக்கறேன் அத்தை. அக்குளுதான் ஓடுது."

டேப் பட்டது. பூவிழி வீறிட்டுச் சிரித்தபடி, தள்ளிவிடுவதற்காக ஷகிலாவின் கையை இறுகப் பிடித்தாள். பிடித்ததும் சிரிப்பு நின்றது.

"என்னடி, கூசலையா?"

"கொஞ்சூண்டுதான்."

"அப்படியே புடிச்சிக்க. என் கையை நீயே கூட்டிட்டுப் போ."

"அப்ப நானும் உங்களுக்கு ஒருவாட்டி கிச்சுக்கிச்சு மூட்டுவேன்."

"சரி, சரி." அளவு கிடைக்கிற அவசரத்தில் ஷகிலா எதற்கும் சரி சொல்லியிருப்பார். பன்னிரண்டரை இஞ்ச்.

பிள்ளைகளே, உங்கள் அக்குளில் நீங்களே விரலை விட்டுப் பாருங்கள், கூசாது. தலையின் பின்பக்கம் இருக்கும் சிறுமூளைக்கு, உங்கள் கை எங்கே போகிறதென்று முன்கூட்டியே சேதி போய்விடும். தெரிந்த சேதிக்கு மூளை அலட்டிக்கொள்ளாது. அடுத்தவர் கை சொல்லிக்கொண்டா வருகிறது? உடம்பு துள்ளுகிறது. அந்தக் கைமேல் உங்கள் கையை வைத்தால், நம்ம கைதானே என்று மூளை பாதி ஏமாந்துவிடும். மந்திரம் என்றால் பெரியவர்களின் மூளை முழுசாகவே ஏமாறும்.

சட்டை கச்சிதம். திரும்பி வரவில்லை. இப்போது கூசுகிற பிள்ளைகளெல்லாம் ஷகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அளவு கொடுக்கிறார்கள்.

பூவிழி மட்டும் பள்ளிவிட்டதும் தினமும் வந்து, விரல்களை மடக்கி நீட்டியபடி நிற்கிறாள்.

"அத்தை, என் பாக்கி? நீங்க என் கையைப் புடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ஊருக்கே அளவெடுக்கும் ஷகிலாவுக்கு, காற்று பட்டாலே கூசும். அது ஊருக்குத் தெரியாது.

"வாயில குண்டூசி இருக்குது கண்ணு, சிரிச்சா முழுங்கிருவேன். நாளைக்கு வா."

மூன்று வாரமாகிறது. அந்தக் குண்டூசியை அவர் இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை.