நகரப் போலீசைக் கண்காணிக்க இரண்டு வரைவுகள்: கமலாவுடன் ஊட்டிக்கு

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஊட்டிக்குப் போனேன், சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் நகரப் போலீசைக் கண்காணிக்கப் பொதுமக்கள் குழு ஒன்று வேண்டும் என்று நாங்கள் சிலர் இரண்டு வருடமாகப் பேசி வருகிறோம். கையில் இரண்டு வரைவுகள். எதை அரசுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கத்தான் கூட்டம். (வெயிலுக்குப் பயந்து மலையில் வைத்தோம் என்பதும் உண்மை.)

காலை 6.10க்கு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன். கோத்தகிரி 33 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கே கமலா காத்திருந்தாள். பள்ளி விடுதியில் என்னோடு படித்தவள். இப்போது கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். முந்தைய வருடம் எங்கள் நகரத்துக்குப் பெயின்ட் வேலைக்கு வந்த அவள் கணவரைத் திருட்டுச் சந்தேகம் என்று பிடித்து, இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து அடித்து, வழக்கே போடாமல் அனுப்பினார்கள். அவளைப் பேச அழைத்தது நான்தான்.

ஊட்டிக்கு இன்னும் 29 கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். தொட்டபெட்டா வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. அவள் இரண்டு வரைவுகளையும் கோடு போட்டுப் படித்துக்கொண்டே வந்தாள்.

"நான் அழுவ மாட்டேன்டி. அழுதா பாவம்னுட்டு டீ குடிக்கப் போயிருவாங்க" என்றாள்.

பத்தரைக்குக் கூட்டம் தொடங்கியது. முதல் வரைவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஐந்து பேர். போலீசாரை விசாரிக்கலாம், ஆனால் மனுவை ஸ்டேஷன் வழியாகத்தான் தர வேண்டும். இரண்டாவதில் வார்டுக்கு ஒருவர். முன்னறிவிப்பில்லாமல் ஸ்டேஷனுக்குள் போய்ப் பார்க்கலாம், விசாரிக்க முடியாது.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, ஆளாளுக்கு உள்ள வந்தா அங்க வேலை எப்படிங்க நடக்கும்?"

கமலா எழுந்தாள்.

"ரெண்டு நாள் ஸ்டேஷன் வாசல்ல நின்னவளுங்க நானு. மொத நாளே வெளியாள் ஒருத்தர் உள்ள போயிருந்தா எங்க ஊட்டுக்காரர் அடி வாங்கியிருக்க மாட்டாரு. அதுக்கு ரெண்டாவது பேப்பர் வேணுங்க. அடிச்சவங்களக் கேள்வி கேக்க மொதப் பேப்பர் வேணும். எதுக்குங்க ஒண்ண விடணும்? அப்பறம், அடிச்ச எடத்துலயே மனுவக் குடுன்னா யாருங்க குடுப்பாங்க? தபால்ல போடலாம்னு எழுதுங்க."

"தபால் சரிதானுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். திடீர்ச் சோதனையை மட்டும் கடைசிவரை எதிர்த்தார். மற்ற எல்லோரும் கை தூக்கினார்கள். இரண்டு வரைவுகளும் ஒன்றாயின.

போகிறவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுங்கள், அரசு பஸ்ஸுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. ஏப்ரலிலும் ஸ்வெட்டர் வேண்டும். இப்படிக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு: அடிபட்ட வீட்டாரைக் கதை சொல்ல மட்டும் கூப்பிடாதீர்கள், வரைவை முன்பே அனுப்புங்கள். நாங்கள் இரண்டு வருடம் பார்க்காத ஓட்டையை அவள் ஒரு பஸ் பயணத்தில் பார்த்துவிட்டாள்.

அரசிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஆனால் அன்றைய கூட்டக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. அதில் கமலாவின் பெயருக்கு எதிரே 'பாதிக்கப்பட்டவரின் மனைவி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போடும் முன் அதை அடித்துவிட்டு, 'முன்மொழிந்தவர்' என்று அவளே எழுதினாள்.